கரண்ட் போன ராத்திரியும் கிட்டார் ஹம்மும்

போன மாதம் ஒரு ராத்திரி எங்கள் தெருவில் கரண்ட் போனது. அப்போது கிட்டாரை 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ஹெட்போன் ஆம்ப்பில் மாட்டி வாசித்துக்கொண்டிருந்தேன். லைட் அணைந்தது, அதே கணத்தில் காதில் எப்போதும் கூடவே இருந்த அந்த 'ம்ம்ம்' சத்தமும் (கிட்டார்காரர்கள் ஹம் என்பார்கள்) அணைந்தது. ஃபேன் இன்னும் சுற்றி ஓயவில்லை. ஒரு ஸ்ட்ரிங்கை மீட்டினேன், சுத்தமாக வந்தது. கையால் அமுக்கினேன், ஒன்றுமே இல்லை. இரண்டு வருஷமாக வைத்திருக்கும் கிட்டார் இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எழுந்து போய் இன்வெர்ட்டரை ஆன் செய்தேன். சத்தம் திரும்பி வந்தது, ஆனால் பழைய சத்தம் இல்லை, தகரத்தில் வண்டு மாட்டிக்கொண்டது போல் கரகரவென்று வேறு ஒன்று. எங்கள் இன்வெர்ட்டர் பழையது, சைன் வேவ் கிடையாது, சதுர அலை. சதுர அலையில் 50 ஹெர்ட்ஸோடு 150, 250, 350 என்று ஒற்றைப்படை மடங்குகளும் வரிசையாக வரும், அந்தக் கரகரப்பு அதுதான்.

அதுவரைக்கும் கிட்டாருக்குள் ஏதோ கோளாறு என்று நினைத்து அதையே திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை, வெளி இரைச்சலைத் தடுக்கும் கவசமாக உள்ளே காப்பர் டேப் ஒட்டுவதில் செலவழித்திருந்தேன், சத்தம் கொஞ்சம் குறைந்தது, மீதி அப்படியே நின்றது, டேப் ஒட்டினதில்தான் தப்பு என்று இரண்டாவது தடவை பிரித்து ஒட்டியும் பார்த்தேன். கரண்ட் போனபோதுதான் விஷயம் புரிந்தது: கிட்டார் வீட்டு வயரிங்கைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. எதை, எந்த வழியாகக் கேட்கிறது என்று முதலில் பிரித்துப் பார்க்காமல் டேப்பைக் கையில் எடுத்தது என் தவறு. இதே நிலையில் இருப்பவர்களுக்கு இரண்டு ஞாயிறாவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கிட்டார் ஸ்ட்ராட் வகை, அதாவது ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் பாணி. ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பிக்கப் மூன்று, மூன்றும் சிங்கிள் காயில். சிங்கிள் காயில் என்றால் ஆறு உலோகத் துண்டுகளைச் சுற்றி மிக மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றி வைத்தது, அவ்வளவுதான். ஃபெண்டர் பாணியில் 42 கேஜ் கம்பி, தடிமன் 0.06 மி.மீ.-ஐ ஒட்டி இருக்கும், சுற்றுகள் எட்டாயிரத்தை ஒட்டி. ஸ்ட்ரிங் அதிர்ந்தால் காந்தப்புலம் அசைகிறது, காயிலில் மின்னழுத்தம் பிறக்கிறது. ஆனால் அசைகிற காந்தப்புலம் ஸ்ட்ரிங்கால் வந்ததா, ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மரால் வந்ததா என்று அந்தக் காயிலுக்குத் தெரிய வழியே இல்லை. எட்டாயிரம் சுற்று ஆண்டெனா அது.

நம் ஊர் மெயின்ஸ் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். தடித்த ஈ ஸ்ட்ரிங்கே 82.4 ஹெர்ட்ஸ்தான், 50 அதற்கும் கீழே, சின்ன ஸ்பீக்கரில் சரியாகக் கேட்காது. நம் காதில் விழுவது பெரும்பாலும் அதன் மடங்குகளான 100-உம் 150-உம். ஆறாவது ஸ்ட்ரிங்கில் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தினால் வரும் ஜி ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ். அதாவது நம் ஊர் ஹம் எப்போதும் கொஞ்சம் ஏறின ஜி-யில் நிற்கும். 60 ஹெர்ட்ஸ் ஓடும் அமெரிக்காவில் அது பி-க்குச் சற்றுக் கீழே போய் நிற்கும். ஜி-யில் வாசிக்கும்போது சுருதிப்பெட்டி மாதிரி ஒட்டிக்கொண்டு தெரியாமல் போய்விடும், ஜி ஷார்ப்புக்குப் போனால் பல்லில் கல் கடிபட்டது போல் இருக்கும். உங்கள் கிட்டாரில் வருவது மெயின்ஸ் ஹம்தானா என்று தெரிய இதைவிட எளிய வழி இல்லை, அந்த ஜி-யை வாசித்துப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்.

சரி, பிரித்துப் பார்த்த கதைக்கு வருகிறேன். மறுநாள் பெரிய ஆம்ப்பைப் போட்டு, கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்ட்ரிங்கில் கை படாமல் உட்கார்ந்தேன். சத்தம் வந்தது. பிரிட்ஜைத் (ஸ்ட்ரிங்குகள் கிட்டார் உடம்பில் வந்து உட்காரும் உலோகப் பாகம்) தொட்டேன், 'ஸ்ஸ்ர்' என்ற மேல் சத்தம் கொஞ்சம் அடங்கியது, அடியில் 'ம்ம்' அப்படியே இருந்தது. தொட்டால் குறைவது மின்புலத்தால் வருவது: நம் உடம்பு வீட்டு வயரிங்கிலிருந்து அதை வாங்கிக் கிட்டாருக்குக் கொடுக்கிறது, ஸ்ட்ரிங்கைத் தொட்டால் அது கிரவுண்டுக்குப் (சுற்றின் பொதுவான பூஜ்ய வோல்ட் பக்கம்) போய்விடுகிறது. (தொட்டதும் சத்தம் கூடினால் விஷயமே வேறு, பிரிட்ஜ் கிரவுண்ட் எங்கோ தப்பாக இருக்கிறது.) அடுத்து நாற்காலியோடு மெதுவாகச் சுற்றினேன். ஒரு திசையில் 'ம்ம்' உச்சம், அங்கிருந்து ஏறக்குறைய கால் சுற்றுத் திரும்பினால் கிட்டத்தட்ட இல்லை. திசைக்குத் திசை மாறுவது காந்தப்புலம். ஆக என்னிடம் இருந்தது ஒரே சத்தம் இல்லை, இரண்டு. காப்பர் டேப் முதல் சத்தத்துக்கான மருந்து. இரண்டாவதை அது தொடக்கூட முடியாது, ஏனென்றால் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தைச் செம்பை வைத்து ஓரளவுக்கு மட்டுப்படுத்தவே ஏறக்குறைய 9 மி.மீ. கனம் வேண்டும், நான் ஒட்டியது காகிதம் போல ஒரு படலம். இரண்டாவது ஞாயிறு முழுக்க வீண்.

அப்புறம் எம்சிபி வேட்டை, அதாவது மெயின் போர்டில் ஒவ்வொரு லைனுக்கும் இருக்கும் பிரேக்கர் சுவிட்ச். பேட்டரி ஆம்ப்பை மாட்டிக்கொண்டு, வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு, போர்டில் ஒவ்வொரு எம்சிபியாக இறக்கினேன். என் அறை லைட், ஃபேன் எம்சிபியை இறக்கியபோதுதான் பாதிச் சத்தம் போனது. அதிலும் குற்றவாளி ஃபேன் ரெகுலேட்டர், குமிழைத் திருகினால் வேகம் வழுக்கிக்கொண்டே மாறும் எலக்ட்ரானிக் வகை. அது ஒவ்வொரு அரை அலையிலும் ஒரு பகுதியை வெட்டி எறிந்து வேகத்தைக் குறைக்கிறது, வெட்டும் இடத்தில் ஒரு கூர்மையான உதறல், விநாடிக்கு 100 தடவை. ஃபேனை முழு வேகத்தில் வைத்தால் சத்தம் குறைவு, பாதி வேகத்தில் மிக அதிகம். ஒன்று இரண்டு மூன்று என்று படிப்படியாக மாறும் கெபாசிட்டர் வகை ரெகுலேட்டரை வாங்கி மாட்டினேன், அந்த உதறல் அன்றோடு நின்றது. நாற்காலிக்கு நேர் மேலே பழைய சோக் போட்ட டியூப் லைட் ஒன்றும் இருந்தது, சோக் என்பதே இரும்பில் சுற்றிய காயில்தான், அதையும் கழற்றியாகிவிட்டது. இந்த இரண்டுக்கும் கிட்டாரில் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இடையில் ஒரு முக்கியமான விஷயம் கண்ணில் பட்டது. ஹம்மை மறந்துவிட்டு முதலில் எல்லாரும் இதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆம்ப் மாட்டும் சாக்கெட்டில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 231 வோல்ட், சரி. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்றிரண்டு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும், எனக்கு 80-க்கு மேல் காட்டியது, அதுவும் நிலையில்லாமல் ஆடிக்கொண்டே. எர்த் ஓட்டையில் வயர் இருக்கிறது, அது எங்கேயும் போகவில்லை. கிட்டாரின் ஸ்ட்ரிங்குகள் எல்லாம் பிரிட்ஜ் வழியாக, ஜாக் (கேபிளின் பிளக்கைச் சொருகும் ஓட்டை) வழியாக, ஆம்ப்பின் உலோக உடம்போடு சேர்ந்தவை; ஆம்ப்புக்குள் ஏதாவது ஒரு வயர் விட்டுப்போய் உடம்பைத் தொட்டால், எர்த் இல்லாத வீட்டில் அந்த 230 வோல்ட் நேராக வாசிப்பவரின் இடது கைக்கு வந்து நிற்கும். பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் சாக்கெட்டிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடலாம், சத்தமும் போய்விடும் என்றார். தயவுசெய்து இதற்கு யாரும் ஒத்துக்கொள்ளாதீர்கள். மீட்டரில் பூஜ்யம் காட்டும், சத்தமும் குறையக்கூடும், ஆனால் எங்காவது நியூட்ரல் அறுந்த நாளில் ஆம்ப்பின் உடம்பு, ஸ்ட்ரிங் எல்லாம் ஃபேஸாகிவிடும். மாட்டேன் என்று சொல்லி, வேறு ஒருவரை வரவழைத்து, போர்டிலிருந்து அறுந்து கிடந்த எர்த் வயரைத் தேடிப் பிடித்து ஒழுங்காகச் சேர்த்தோம். இப்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 1.4 வோல்ட். மின்கசிவு வந்தால் கரண்ட்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போட்டுவிட்டேன். எர்த் வந்த பிறகு அந்த 'ஸ்ஸ்ர்' சத்தம் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகக் குறைந்தது, டேப் ஒட்டியதன் பலனே அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. ஹம் போகிறது என்று ஆம்ப்பின் மூணு பின் பிளக்கில் எர்த் பின்னைக் கழற்றுபவர்களும் இருக்கிறார்கள், அதுவும் இதே ஆபத்துதான்.

டேப் வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது வீண் வேலை இல்லை, அதற்குரிய இடத்தில் நன்றாகவே பலன் தரும். சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஒரு ரோல் காப்பர் டேப், 60 வாட் சால்டரிங் அயர்ன், ஈயம் பிடிக்க உதவும் ஃப்ளக்ஸ் வாங்கினேன். வீட்டில் இருந்தது 25 வாட், வயர்களுக்கு அது போதும், ஆனால் பாட்டின் (வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்) முதுகில் கிரவுண்ட் வயரை வைக்க அந்தச் சூடு பத்தாது. ஈயம் உருண்டையாக மேலே உட்காருமே தவிர பிடிக்காது, இழுத்தால் கையோடு வரும். நிறைய நேரம் வைத்து அழுத்தினால் பாட்டுக்குள் இருக்கும் கார்பன் தடம் கெடும். பாட்டின் முதுகை உப்புத்தாளால் நாலு தேய் தேய்த்து, ஃப்ளக்ஸ் தடவி, சூடான பெரிய முனையை மூன்று விநாடி வைத்தால் ஈயம் தண்ணீர் போலப் பரவும், எடுத்துவிட வேண்டும்.

பிக்கார்டை (முன்பக்கம் மூடியிருக்கும் பிளாஸ்டிக் தகடு) கழற்றி, உள்ளே பிக்கப் குழி, பாட் குழி, ஜாக் குழி மூன்றிலும் அடியிலும் சுவரிலும் டேப் ஒட்டினேன். அதன் ஓரம் பிளேடு மாதிரி, வளைவில் அழுத்தும்போது விரலை அறுக்கும், ஸ்பூனின் முதுகால் தேய்ப்பது நல்லது. டேப்பின் பசையும் மின்சாரம் கடத்தும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள், நம்பாதீர்கள், ஒரு துண்டு இன்னொரு துண்டின் மேல் ஏறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பொட்டு சால்டர் வைத்துவிடுங்கள். நான் மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து ஒரு முனையை ஜாக் குழியில் குத்திக்கொண்டு மறுமுனையால் ஒவ்வொரு துண்டாகத் தொட்டேன், முதல் தடவையில் நான்கு துண்டுகள் பேசவில்லை. பிக்கார்டின் பின்பக்கமும் டேப், அது குழியின் டேப்போடு சேர, ஸ்க்ரூ இறங்கும் ஓர் இடத்தில் ஒரு நாக்கை வெளியே மடித்து ஒட்டினால் மூடும்போது தானாக அழுந்திக்கொள்ளும். குழியிலிருந்து வால்யூம் பாட்டின் முதுகுக்கு ஒரு கிரவுண்ட் வயர். பின்பக்கம் ட்ரெமலோ ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் இரும்புக் கொக்கிக்குப் போகும் வயரை மறக்கக் கூடாது, ஸ்ட்ரிங்குகளை கிரவுண்டோடு சேர்ப்பது அதுதான். பிக்கப்பையே டேப்பால் இறுக்கமாகச் சுற்றலாமா என்று யோசித்தேன், விட்டுவிட்டேன், மேல் ஸ்தாயியின் பளபளப்பு மங்கும். சமையலறை அலுமினிய ஃபாயிலும் தடுக்கும்தான், ஆனால் அதில் சால்டர் பிடிக்காது என்பதால் துண்டுகளைச் சேர்ப்பதற்குள் உயிர் போகும்.

எல்லாம் மூடி, ஸ்ட்ரிங் போட்டு, பிளக்கைச் சொருகினால் சத்தமே இல்லை. ஹம்மும் இல்லை, கிட்டாரும் இல்லை. திரும்பப் பிரித்தேன். பிளக் இல்லாதபோது மீட்டரில் எல்லாம் சரி, பிளக்கைச் சொருகினால் ஷார்ட். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்த பிறகு தெரிந்தது: பிளக் உள்ளே போகும்போது அதன் நுனியைப் பிடிக்கும் தகடு வெளிப்பக்கமாக வளைகிறது, ஓர் அரைக்கால் அங்குலம்தான், அந்த வளைவு ஜாக் குழிச் சுவரில் நான் ஒட்டிய செம்பைப் போய்த் தொடுகிறது. அந்த இடத்தில் டேப்பின் மேல் இன்சுலேஷன் டேப் இரண்டு அடுக்கு ஒட்டினேன், முடிந்தது. ஸ்ட்ராட்டில் ஜாக் குழி சின்னது, சாய்வானது, அதனால் நீங்கள் ஒட்டும்போதே அங்கே இன்சுலேஷன் டேப்பையும் சேர்த்து ஒட்டிவிடுங்கள்.

இனி இரண்டாவது சத்தம், அந்த 'ம்ம்'. செம்பு தடுக்காது, எர்த் தடுக்காது. அதை இன்னொரு காயிலால்தான் அடிக்க முடியும். கிப்ஸனில் வேலை பார்த்த செத் லவர் 1955-இல் பேட்டண்டுக்கு விண்ணப்பித்த ஹம்பக்கரின் வேலையும் இதுதான்: இரண்டு காயில், ஒன்றில் காந்தம் தலைகீழ், சுற்றும் தலைகீழ். காந்தம் புரண்டால் ஸ்ட்ரிங்கின் சிக்னல் ஒரு தடவை புரளும், சுற்று புரண்டால் இன்னொரு தடவை புரண்டு பழைய நிலைக்கே வந்துவிடும். வெளியிலிருந்து வரும் ஹம்முக்கு உள்ளே இருக்கும் காந்தம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது பொருட்டே இல்லை, அது சுற்றால் மட்டும், ஒரே ஒரு தடவை புரளும். இரண்டையும் கூட்டினால் ஸ்ட்ரிங் இரட்டிப்பு, ஹம் பூஜ்யத்தை ஒட்டி. ஃபெண்டரும் 1957-இல் பிரிசிஷன் பேஸ் என்ற பேஸ் கிட்டாரின் பிக்கப்பை இரண்டாகப் பிளந்தபோது இதே தந்திரத்தைத்தான் வைத்தது. எனக்கு ஹம்பக்கர் வேண்டாம், சிங்கிள் காயிலின் அந்த மணிச் சத்தத்துக்காகத்தான் இந்தக் கிட்டாரையே வாங்கினேன். ஆனால் ஸ்ட்ராட்டில் நடு பிக்கப்பை மட்டும் இப்படிப் புரட்டி வைத்தால், எந்தப் பிக்கப் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஸ்விட்சின் இரண்டாவது, நான்காவது நிலைகளில், அதாவது இரண்டு பிக்கப் சேர்ந்து வரும் இடங்களில், ஹம் வெட்டுப்பட்டுவிடும். இப்போது வரும் பல ஸ்ட்ராட்டுகளில் இப்படியே வருகிறது, என்னுடையதில் இல்லை. ஒரு சின்னத் திசைகாட்டியை ஒவ்வொரு பிக்கப்பின் மேலும் பிடித்துப் பார்த்தேன், மூன்றிலும் முள்ளின் ஒரே முனைதான் இழுபட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. அல்நிகோ காந்தக் கட்டைகளைச் சுற்றி நேரடியாகக் கம்பி சுற்றிய பிக்கப் என்றால் காந்தத்தைத் தள்ளிப் புரட்ட முயற்சி செய்யாதீர்கள், அந்த 0.06 மி.மீ. கம்பி அறுந்துவிடும், பிக்கப் அவ்வளவுதான். என்னுடையது விலை குறைந்த வகை, ஆறு இரும்புத் துண்டுகள், அடியில் ஒட்டிய ஒரே ஒரு செராமிக் பட்டைக் காந்தம். ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பசையை இளக்கி, ஒரு பிளாஸ்டிக் அட்டையை இடுக்கில் நுழைத்து மெதுவாக நெம்பினேன். செராமிக் சுலபமாக உடையும், அவசரப்படக் கூடாது. எடுத்து, மேல் முகம் கீழே வருமாறு திருப்பி ஒட்டினேன். திசைகாட்டியில் இப்போது மறுமுனை இழுபட்டது. மீட்டரில் 5.9 கிலோ ஓம், கழற்றுவதற்கு முன் இருந்த அதே அளவு, காயில் பிழைத்தது. பிறகு அதன் இரண்டு வயர்களையும் இடம் மாற்றினேன், ஸ்விட்சுக்குப் போனது கிரவுண்டுக்கு, கிரவுண்டுக்குப் போனது ஸ்விட்சுக்கு. வயரை மாற்றினால் சுற்றைப் புரட்டியதற்குச் சமம். இதில் ஒரு குறை உண்டு: காயிலின் வெளிச்சுற்று இதுவரை கிரவுண்டாக இருந்து உள்சுற்றுக்குப் போர்வை மாதிரி இருந்தது, இப்போது வெளிச்சுற்றே சிக்னல், அதனால் நடு பிக்கப்பைத் தனியாக வைத்து அதன் மேல் விரல் வைத்தால் லேசாக ஒரு 'பர்ர்' வருகிறது. குழியில் டேப் இருப்பதால் வாசிக்கும்போது தெரியவில்லை.

காந்தத்தை மட்டும் புரட்டிவிட்டு வயரை மாற்ற மறந்தால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். இரண்டாவது நிலையில் பேஸ் எல்லாம் வடிந்துபோய் மூக்கடைத்த குரல் போல் மெலிந்து கேட்கும், ஹம்மும் அப்படியே இருக்கும். அப்படிக் கேட்டால் வயரை மாற்றினால் போதும்.

அன்று மாலை அதே நாற்காலியில், அதே ஆம்ப்பில் ஸ்விட்சைத் தள்ளித் தள்ளிக் கேட்டேன். பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப் தனியாக, 'ம்ம்'. ஒரு படி தள்ளினேன், யாரோ கதவைச் சாத்தியது போல் நின்றது. நடு தனியாக, திரும்ப வந்தது. இன்னொரு படி, நின்றது. முழுப் பூஜ்யம் இல்லை, மூன்று காயிலும் ஒரே எண்ணிக்கைச் சுற்று இல்லை, ஒரே இடத்திலும் இல்லை, காதை ஸ்பீக்கரில் வைத்தால் கேட்கும். கெயினை ஏற்றிப் பதிவு செய்து பார்த்தபோது திரையில் தடித்த பட்டையாக இருந்தது மெல்லிய கோடாகியிருந்தது. லேப்டாப்பில் பதிவு செய்பவர்கள் ஒரு தடவை சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேட்டுப் பாருங்கள், இரண்டு பின் சார்ஜர்கள் போடும் இரைச்சல் தனி ரகம், நான் பதிவு செய்யும்போது பேட்டரியில்தான் ஓட்டுகிறேன்.

பிரிட்ஜ், நெக் பிக்கப்களைத் தனியாக வாசிக்கும்போது 'ம்ம்' இன்னும் இருக்கிறது. அதற்கு, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு காயில் வைத்த அடுக்கு காயில் பிக்கப் மாற்றலாம், இல்லாவிட்டால் காந்தமே இல்லாத ஒரு வெற்றுக் காயிலை உள்ளே சேர்க்கலாம். இரண்டும் நல்ல வழிகள்தான், இரண்டும் சத்தத்தின் நிறத்தைக் கொஞ்சம் மாற்றும், எனக்கு இப்போதைக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதில் ஆம்ப்பை மேஜைக்கு அடியிலிருந்து எடுத்து அறையின் எதிர் மூலைக்குக் கொண்டுபோனேன். டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் தூரம் இரட்டித்தால் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகக் குறையும், அதனால் ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்கு நகர்த்தினாலே பெரிய வித்தியாசம். நாற்காலியைச் சத்தம் மிகக் குறைவான திசைக்குத் திருப்பி, நாலு காலும் நிற்கும் இடத்தில் தரையில் சாக்பீஸால் குறி போட்டிருக்கிறேன். பெருக்கும்போது அழிந்துவிடுகிறது, நாளைக்கு பெயின்ட்டில் போட வேண்டும்.